டாக்டருக்கு எதுக்குங்க அரசியல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1993 முதல் கிளினிக் வைத்திருக்கிறேன். பொது மருத்துவம், காய்ச்சல், சுகர், பிரஷர், வீசிங். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வந்து பிரஷர் பட்டையைக் கையில் சுற்றியதும்தான் டெல்லி ஞாபகம் வரும். "என்ன சார், இந்த கவர்மென்ட் தாங்குமா?" பேசினால் அளவு ஏறிக் காட்டும், பேசாதீர்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. ஒத்துக்கொள்ளாவிட்டால் தாராளமாக நிறுத்திவிடலாம்.

டாக்டருக்கு எதுக்குங்க அரசியல்? வைத்தியம் பார்த்தால் போதாதா?

போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் வராமல் நின்றதே, அப்போது நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எப்போதும் சுகரைக் கட்டுக்குள் வைத்திருப்பவர். அன்றைக்கு 290. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். பிறகு என்ன என்று தோண்டித் துருவினால், காய்கறி வாங்கக் காசில்லை, மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு. நான் மாத்திரையின் அளவைக் கூட்டினேன். அவருடைய நோய்க்கு மருந்து டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் ஏதோ ஒரு கோப்பில் இருந்தது.

இதை என்னைவிடத் தெளிவாகப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ருடால்ஃப் விர்ச்சோ, ஜெர்மன் நோய்க்கூறு மருத்துவர். நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டி எங்கிருந்து வருகிறது என்று விளக்கியவர். மருத்துவக் கல்லூரியில் அவர் பெயரை உச்சரிக்காமல் யாரும் தேற முடியாது. 1848-இல் மேல் சிலேசியா என்ற ஏழைப் பகுதியில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. இருபத்தாறு வயது இளைஞர் ஏதோ கஷாயம், கிருமிநாசினி என்று எழுதிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் எழுதிக் கொடுத்ததோ பள்ளிக்கூடம், சாலை, வரிக் குறைப்பு, அந்த மக்களின் போலிஷ் மொழிக்கு உரிய இடம், தங்களைத் தாங்களே ஆள்கிற உரிமை. அரசுக்குப் பிடிக்கவில்லை. பின்னாளில் அவரே நாடாளுமன்றம் போய் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கோடு மல்லுக்கட்டினார்.

நான் விர்ச்சோ இல்லை. ஆனால் காரணம் தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சார், நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?

சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன நோய் என்று பக்கத்து பெஞ்சுக்காரரிடம் நான் சொல்வதில்லை அல்லவா? அதே மாதிரி.

நல்ல தலைவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

இதற்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அப்போது எனக்குக் கைராசிக்காரர் என்று பேர். அந்தப் பேர் ஆளைக் கெடுக்கும். ஒரு சனிக்கிழமை காலை, கூட்டம் நெரிகிறது. வண்டிப்பாளையத்திலிருந்து சுகர் உள்ள ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். "நெஞ்சுக்குழியில பிசையுது டாக்டர், வாய்வு மாதிரி இருக்கு." வாய்வு என்று அவரே சொல்லிவிட்டார், எனக்கும் வசதியாகப் போயிற்று. ஒரு ஊசி, இரண்டு மாத்திரை, திங்கட்கிழமை வாங்க. இசிஜி எடுக்கவில்லை. மிஷினில் பேப்பர் தீர்ந்திருந்தது. வாங்கி வரச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம். சொல்லவில்லை.

என் கம்பவுண்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர். மதியம் கதவைச் சாத்தும்போது, "சார், அந்த அம்மா முகம் எனக்குச் சரியாப் படலை" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய்வுதான், போங்க என்றேன். அவர் போனார், வீட்டுக்கு இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வண்டிப்பாளையம் போயிருக்கிறார். அங்கே அந்த அம்மா வேர்த்துக் கொட்டித் திண்ணையில் சாய்ந்து கிடந்திருக்கிறார். ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து பாண்டிச்சேரி. மாரடைப்பு. சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அது மார்வலியாக வராமல் வயிற்றுப் பிசைவாக வரலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம்.

பிழைத்துக்கொண்டார். நான் அந்த வீட்டுக்குப் போய் அவருடைய வீட்டுக்காரரிடம், தப்பு என்னுடையது, வாய்வு என்று அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு டம்ளர் காபி வந்தது. அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து ஒரு தலைவரைப் பார்க்கும்போது எனக்கு எழுகிற கேள்வி: இவர் எழுதிக் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாரா? பேச்சாற்றல், நேர்மை, எளிமை எல்லாம் வேண்டும்தான். ஆனால் டாக்டர் உலகத்தில் நாங்கள் 'ரிவ்யூ' என்று சொல்கிறோமே, ஒரு வாரம் கழித்து வாங்க, பார்க்கலாம் என்கிறோமே, அது இல்லாத வைத்தியம் வைத்தியமே இல்லை. அரசியலில் மருந்து எழுதும் நாளுக்குத்தான் மேடை, மாலை, நேரலை எல்லாம். ரிவ்யூவுக்கு யாரும் வருவதில்லை. கூடவே, அந்த கம்பவுண்டர் மாதிரி "முகம் சரியில்லை" என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா, சொன்ன பிறகும் அவருக்கு வேலை இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

அப்படித் திரும்பிப் பார்த்த ஆட்சி நம் நாட்டில் இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது. போலியோ. 1995-இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. அதற்கு முந்தைய வருஷம் டெல்லியில் அதைத் தொடங்கிவைத்த மாநில அமைச்சரும் ஒரு டாக்டர்தான், காது மூக்கு தொண்டை நிபுணர் ஹர்ஷ் வர்தன். நாடு தழுவிய திட்டம் நரசிம்ம ராவ் காலத்தில் ஆரம்பித்து தேவ கௌடா, குஜ்ரால், வாஜ்பாய், மன்மோகன் சிங் என்று ஐந்து பிரதமர்களைப் பார்த்தது. ஒருவரும் முந்தையவர் திட்டம் என்று மூட்டை கட்டவில்லை.

ஜெயித்தது சொட்டு மருந்தால் மட்டும் இல்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் துவண்டால் அந்தத் தகவல் மேலே போக வேண்டும், இரண்டு முறை மலம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். என்னைப் போன்ற தனியார் டாக்டர்களையும் விடவில்லை, "இந்த வாரம் யாராவது உண்டா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முகாம் முடிந்த மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய், விரலில் மை இல்லாத குழந்தை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2009-இல் 741 பேர். 2010-இல் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தை. அதோடு சரி. 2014 மார்ச் 27-இல் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்று சான்றிதழ் வந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்ததால் எங்கள் தெருவில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை.

மதிய உணவையும் சொல்ல வேண்டும். 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிறந்த யோசனை. காமராஜர் 1956-இல் மாநிலத்துக்கு விரித்தார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக்கினார். கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டி. ஒருவரை ஒருவர் மேடையில் வறுத்தெடுத்தவர்கள்தான், ஆனால் ஆட்சி மாறியபோது அடுப்பை அணைக்கவில்லை. ஒவ்வொருவரும் பழைய சீட்டைக் கிழிக்காமல் அதிலேயே ஒரு மருந்தைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். என் நோயாளிகளின் பேரப்பிள்ளைகளின் எடையை நான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

திரும்பிப் பார்க்காததற்கு உதாரணம்?

எமர்ஜென்சிக் காலக் குடும்பக் கட்டுப்பாடு. 1976–77 ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு. மேலே இருந்து இலக்கு வந்தது. கீழே இருப்பவர்கள் ஆளைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். வட இந்தியாவில் ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டுமா, இத்தனை ஆள் கொண்டுவா என்ற அளவுக்குப் போயிற்று. எண்ணிக்கை தினமும் டெல்லிக்குப் போனது. அந்த மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. 1977-இல் ஓட்டுச்சீட்டில் பதில் வந்தது.

அதன் விலையை இன்றைக்கும் என் கிளினிக்கில் பார்க்கிறேன். ஆணுக்குச் செய்வது சின்ன அறுவை, பத்துப் பதினைந்து நிமிஷம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சொன்னால் ஆம்பிளைகள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 38 விழுக்காடு, ஆண்கள் 0.3. ஒரு தலைமுறையைப் பயமுறுத்தினால் அடுத்த இரண்டு தலைமுறைப் பெண்கள் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் தொகுதி மறுவரையறை பற்றி என்ன சொல்கிறீர்கள்?

மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு எம்.பி. இடங்களைத் திரும்பப் பங்கு போடுவதுதான் மறுவரையறை. இதுவும் அதே 1976-இல் தொடங்கும் கதைதான். அந்த வருஷத்து 42-வது அரசியல் சட்டத் திருத்தம், மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை 1971 கணக்கெடுப்போடு உறைய வைத்தது. பிள்ளைப்பேற்றைக் குறைக்கிற மாநிலம் அதனாலேயே இடத்தை இழக்கக் கூடாது என்பது காரணம். 84-வது திருத்தம் அந்த உறைவை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1 என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது இதனால்தான்.

அதே 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை, புதுச்சேரியில் இன்னும் குறைவு. யாரையும் பிடித்துக் கட்டிப்போட்டு இதைச் செய்யவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கிராமச் செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்தார், பிறந்த பிள்ளை பிழைத்தது. பிழைக்கும் என்று நம்பிக்கை வந்தால் தாய் இரண்டோடு நிறுத்திக்கொள்வாள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டுச் சுகரைக் குறைத்த நோயாளியிடம், நீங்கள்தான் நன்றாக இருக்கிறீர்களே, வரிசையில் பின்னால் போங்கள் என்றால் என்ன சொல்வார்? எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கத்து வாதத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பீகாரில் ஓர் எம்.பி. நம் எம்.பி.யைவிடக் கூடுதல் ஆட்களைச் சுமக்கிறார். அந்த ஊர்த் தாய்க்குச் செவிலியர் வராதது அவள் குற்றமா? ஓட்டு எல்லோருக்கும் ஒரே எடை இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் உயிர். இரண்டு நியாயங்கள் மோதும் இடம் இது. இடங்களின் பங்கு மாறாமல் வேறு வழி காண முடியும் என்று நினைக்கிறேன். மாநிலங்களவையை வலுவாக்குவது ஒன்று. எதுவானாலும் தென் மாநிலங்களை உட்கார வைத்துப் பேசாமல் செய்தால், மயக்க மருந்து கொடுக்காமல் அறுப்பது மாதிரி.

டாக்டர்களே நாட்டை ஆண்டால் உருப்படுமா?

இதைக் கேட்பவர்கள் என்னைக் குளிர்விப்பதாக நினைத்துக் கேட்கிறார்கள். நல்ல பெயர்கள் உண்டு. பிதான் சந்திர ராய், காந்திக்கு வைத்தியம் பார்த்தவர், 1948 முதல் சாகும்வரை மேற்கு வங்க முதல்வர். ஜூலை 1-இல் பிறந்து 1962 ஜூலை 1-இல் இறந்தார். மருத்துவர் தினம் அவர் நாள்தான். முதல்வராக இருந்தபோதும் நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை. நம் பக்கத்தில் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. 1927-இல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போன முதல் பெண். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிச் சட்டம் வர இருபது வருஷம் காத்திருந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர். ஒரு வேலையை எடுத்தால் அதன் பின்னாலேயே போகிறவர். மலேசியாவில் மகாதீர் முகமது.

ஆனால் பட்டியல் அதோடு நிற்கவில்லையே. ஹைத்தி நாட்டின் துவாலியே கிராமம் கிராமமாகப் போய் யாஸ் என்ற தோல் நோய்க்கு ஊசி போட்ட டாக்டர். மக்கள் பாசமாக 'அப்பா டாக்டர்' என்றார்கள். 1957-இல் அதிபரானார், செத்துப்போன பிறகுதான் நாற்காலியை விட்டார், அதுவும் மகனுக்கு. இடையில் கொன்றவர்கள் ஆயிரக்கணக்கில். சிரியாவின் பஷார் அல் ஆசாத் லண்டனில் பயிற்சி பெற்ற கண் டாக்டர். போஸ்னியப் படுகொலைகளுக்குத் தண்டனை பெற்ற கராட்ஜிச் மனநல மருத்துவர். வெள்ளைக் கோட்டுக்குள் எல்லா வகை மனிதர்களும் உண்டு. டாக்டருக்கு ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது: எதிரே உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்காமல் கை நீட்டிப் பழகியவர். எங்களுக்கு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிடும். நாட்டுக்கு அது ஆகாது.

தலைவர்களின் உடம்புக்கு என்ன என்று மக்களுக்குச் சொல்ல வேண்டுமா?

2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, எழுபத்தைந்து நாள், இந்தக் கேள்வியைக் கேட்காதவர் என் கிளினிக்கில் இல்லை. முதல்வர் ஜெயலலிதா இட்லி சாப்பிட்டாரா இல்லையா என்று தமிழ்நாடே பேசியது. அப்புறம் விசாரணை ஆணையம் வேறு.

நமக்கு இது புதிதும் இல்லை. 1964 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நேருவுக்குப் பக்கவாதம் வந்தது. மே மாதம் போய்விட்டார். அண்ணா புற்றுநோய்க்கு நியூயார்க் போய்த் திரும்பி, 1969 பிப்ரவரியில் மறைந்தார். 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே ஜெயித்தார். அவர் நலமாக இருப்பதைக் காட்டும் படம் ஊர் ஊராக ஓடியது. நான் அப்போது மாணவன். பக்கத்தில் நின்ற பாட்டி திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பாட்டிக்குத் தேவையாக இருந்தது எம்.ஜி.ஆரின் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் அளவு இல்லை.

என் கருத்து இதுதான். நோயின் பெயர் அவருடைய சொந்த விஷயம். ஆனால் கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கிறதா, இல்லையென்றால் யார் போடுகிறார்கள் என்பது நம் விஷயம். அதை மருத்துவமனை வாசலில் கட்சிக்காரர் சொல்லக் கூடாது. அரசு, தேதி போட்டு, எழுத்தில் சொல்ல வேண்டும். லாரி ஓட்டுகிறவருக்குக் கண் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறோம். நாட்டை ஓட்டுகிறவருக்கு ஒன்றும் இல்லை.

வயது பற்றியும் கேட்பார்கள். எழுபத்தைந்தில் சுறுசுறுப்பாக இருப்பவரையும் ஐம்பதில் மழுங்கிப்போனவரையும் தினம் பார்க்கிறேன். வயதை வைத்து ஒதுக்க மாட்டேன்.

கொரோனா சமயத்தில் டெல்லி செய்தது சரியா தவறா?

இரண்டும். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து நாடே மூடல். நான்கு மணி நேரம். ஒரு பல் பிடுங்கக்கூட நாங்கள் அதைவிடக் கூடுதல் அவகாசம் தருவோம். நெடுஞ்சாலையில் குடும்பம் குடும்பமாக நடந்தவர்களை மறக்க முடியாது. பிற்பாடு கோயம்பேடு சந்தையிலிருந்து நம் மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் திரும்பி வந்தபோது கடலூரில் எண்ணிக்கை ஒரே தாவாகத் தாவியது. அவர்களைக் குற்றவாளி மாதிரி பார்த்த தெருக்காரர்களும் என் நோயாளிகள்தான்.

தடுப்பூசி விஷயத்தில் ஒன்று நடந்தது, பலர் மறந்துவிட்டார்கள். 2021 மே 1 முதல் 18–44 வயதினருக்கு மாநிலங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். குழப்பம். உச்ச நீதிமன்றமும் கேள்வி கேட்டது. ஜூன் மாதம் பிரதமர் அதை மாற்றி, 21-ஆம் தேதி முதல் மத்திய அரசே வாங்கித் தரும் என்றார். பல்டி என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்த மாதிரி பல்டி பிடிக்கும். மருந்து ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் மாற்றி எழுதினாலே பாதி வைத்தியம். என்ன, முதலிலேயே "முகம் சரியில்லை" என்று சொல்ல யாராவது இருந்திருக்கலாம்.

தப்புக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்கிறவர்கள் இப்போது இல்லையே?

சாஸ்திரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நம் விருத்தாசலம் லைன்தான் அது. 1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் மழையில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேல் சாவு. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கும் விலக முன்வந்தார், அப்போது நேரு ஏற்கவில்லை. பெரிய மனது, மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி உண்டு. மகபூப்நகருக்கும் அரியலூருக்கும் நடுவில் எத்தனை பாலங்களைப் போய்ப் பார்த்தார்கள்? வண்டிப்பாளையத்து அம்மாவுக்காக நான் கிளினிக்கை மூடியிருந்தால் ஊர் என்னைப் பாராட்டியிருக்கும். இசிஜி பேப்பர் வந்திருக்காது. அன்றிலிருந்து இரண்டு ரோல் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

நேரில் பார்த்ததில் யாரைத் தலைவர் என்பீர்கள்?

2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு. மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேல் போய்விட்டார்கள். அப்போது கலெக்டர் ககன்தீப் சிங் பேடி. அரசியல்வாதி இல்லை, அதிகாரி. கடலூர்க்காரர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வார்கள். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா, முகாமில் கழிப்பறை இருக்கிறதா என்ற சின்ன விஷயங்கள் தினமும் சரிபார்க்கப்பட்டன. நாங்கள் எல்லோரும் பயந்த காலரா கொள்ளைநோயாக வரவில்லை. வராத நோய்க்கு யாரும் சிலை வைப்பதில்லை.

பழைய ஆள் வேண்டுமென்றால், முதுநகர் அஞ்சலை அம்மாள். 1927-இல் சென்னையில் நீல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் சிலையை அகற்றும் போராட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குச் சென்றவர். பிறகு சட்டமன்றத்துக்கும் போனார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் அவர் பெயரைக் கேட்டால் முழிக்கிறார்கள்.

நீட் வேண்டுமா வேண்டாமா?

நான் சேர்ந்தபோது மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. எழுதித்தான் வந்தேன். அதனால் தேர்வே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறகு தமிழ்நாடு அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. 2017-இல் நீட் உள்ளே வந்தது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதும் அதே 42-வது திருத்தம்தான், பாருங்கள். மருத்துவமனையை நடத்துவது மாநிலம். அதில் வேலை செய்யப் போகிறவரைத் தேர்ந்தெடுப்பது டெல்லி. எனக்கு இது பொருந்தவில்லை. இரண்டு வருஷம் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளை, நாளைக்கு வேப்பூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணிக்கு உட்காருமா? 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியது நல்ல மருந்து. நோய் அதைவிடப் பெரிது.

பாண்டிச்சேரி நிலைமை பற்றி?

முள்ளோடை தாண்டினால் வேறு அரசு. என் நோயாளிகளில் பாதிப் பேர் வாரம் ஒருமுறை தாண்டுகிறார்கள். சிலர் ஜிப்மருக்கு, சிலர் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஜிப்மரை நான் குறை சொல்ல மாட்டேன். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியில் வேர் வைத்தது, 1964 முதல் இந்தப் பெயர். டெல்லி நேராக நம் பக்கத்தில் வந்து செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

அரசியலோ வேறு கதை. கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள். அப்படித் தாங்களே முடிவு செய்து வந்த ஊர். இன்றைக்கு முப்பது பேரை மக்கள் தேர்ந்தெடுத்தால் மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கலாம். முப்பதோடு மூன்று என்பது ஆட்சியைக் கவிழ்க்கப் போதும். உச்ச நீதிமன்றமும் 2018-இல் அது சரி என்றது. துணைநிலை ஆளுநர் ஒரு பக்கம், முதல்வர் ஒரு பக்கம். ஒரே நோயாளிக்கு இரண்டு டாக்டர் ஆளுக்கொரு சீட்டு எழுதினால் மருந்துக் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றத்தில் எத்தனை தீர்மானம் போட்டாயிற்று. கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். மாநிலமானால் கடனும் சேர்ந்து வரும் என்று சொல்பவர்களும் அங்கே இருக்கிறார்கள், அதையும் கேட்டிருக்கிறேன்.

எந்தக் கட்சியும் சுகாதாரத்தைப் பேசவில்லை என்று அடிக்கடி சொல்கிறீர்களே?

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடு அரசுச் செலவாக மருத்துவத்துக்குப் போகும் என்றது. 2025 வந்தது, போனது. எட்டவில்லை. ஆளுங்கட்சி மேடையில் அதைப் பற்றிப் பேச்சில்லை, சரி. எதிர்க்கட்சி மேடையிலும் இல்லையே!

நீங்களே தேர்தலில் நிற்கலாமே சார்?

சர்க்கரை போடாத காபி குடியுங்கள் என்று சொல்லியே நூறு பேரைப் பகைத்துக்கொண்டிருக்கிறேன். டெபாசிட் தேறாது.

வாக்குப்பதிவு அன்று கிளினிக் உண்டா?

காலை பத்தரைக்கு மேல் உண்டு; அதற்கு முன் நானும் வரிசையில் நிற்பேன். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பையில் இரண்டு பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் நிற்க வேண்டாம். 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும், வயதுக்கு என் சான்றிதழ் தேவையில்லை. போன தேர்தலில் அதற்காக ஆட்டோ பிடித்து வந்த மூன்று தாத்தாக்களைத் திருப்பி அனுப்பினேன். வந்ததற்கு பிரஷர் மட்டும் பார்த்தேன். மூவரும் அப்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.